ஏசி டைமர் போடலாமா? அறையில யார் படுத்திருக்காங்கன்னு முதல்ல பாருங்க

ராத்திரி ஏசியை விடிய விடிய ஓட விடலாமா, டைமர் போட்டு நடுவுல நிறுத்திடலாமா? கோடை வந்துட்டா ஓ.பி.யில சீட்டு வாங்கிட்டு எழுந்திருக்கும்போது பாதிப் பேர் கேட்கிற கேள்வி இது. "கரண்ட் பில் கட்டுப்படி ஆகல டாக்டர்"னு ஆரம்பிச்சு இங்கதான் வந்து நிக்கும். பின்னாடி முப்பது பேர் வரிசையில நிக்கும்போது சொல்ற பதில் அரைகுறையாத்தான் இருக்கும். அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். தானா எழுந்து ஸ்விட்ச் போடவோ ஜன்னல் திறக்கவோ முடியாத ஒருத்தர் அந்த அறையில தூங்குறாங்கன்னா, டைமர் வேண்டாம். அதுக்குப் பதிலா டிகிரியை ஏத்துங்க. கிட்டத்தட்ட அதே மிச்சம் அதுலயே கிடைக்கும். மத்தவங்க தாராளமா டைமர் போட்டுக்கலாம்.

"நிறுத்தி நிறுத்திப் போட்டாத்தான் கரண்ட் அதிகமா இழுக்கும், ஓடிக்கிட்டே இருந்தா குறைவு"ன்னு ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கு. இது தப்பு. பழைய மாடல் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தை விட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அது உண்மைதான். ஆனா அது ஒரு நொடி கூட நீடிக்காது. கணக்குப் போட்டா ஒரு யூனிட்டில் ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் வரும். ஏசி சில நொடி ஓடுற செலவு, அவ்வளவுதான்.

அறை சூடான பிறகு மறுபடி குளிர வைக்க ஆகுற செலவு? ஒரு ஓட்டைத் தோணியை நினைச்சுக்கோங்க. புகுற தண்ணியை முகந்து வெளியே கொட்டிக்கிட்டே இருக்கீங்க. உள்மட்டத்தை எவ்வளவு தாழ்வா வெச்சிருக்கீங்களோ, அவ்வளவு வேகமா வெளித்தண்ணி உள்ளே வரும். கொஞ்ச நேரம் முகக்காம விட்டா மட்டம் ஏறும், ஏற ஏற புகுற வேகம் குறையும். அப்புறமா உட்கார்ந்து முழுசையும் முகந்து கொட்டினாலும், விடாம முகந்திருந்தா கொட்டியிருக்க வேண்டியதை விட அது குறைவுதான். தண்ணிக்குப் பதில் வெப்பம். உள்ளுக்கும் வெளிக்கும் டிகிரி வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் சூடு சுவர் வழியா உள்ளே வரும். ஆக, நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மிச்சம்தான்.

லண்டன்ல இருக்கிற நம்ம ஆட்கள் வீட்டுல குளிர்காலத்துல ஹீட்டருக்கு இதே சண்டை நடக்கும். அங்கே சூடு வெளியே போகுது, இங்கே உள்ளே வருது. கணக்கு ஒண்ணுதான். அங்கேயும் பெரியவங்க இருக்கிற வீட்டுல மிச்சம் பிடிக்கிறதுக்கு ஒரு எல்லை உண்டு. குளிர்காலத்துல வீட்டுக்குள்ள 18 டிகிரிக்குக் கீழ போக விடாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வழிகாட்டுதலே கொடுத்திருக்கு.

அப்போ டைமர் நல்லதுதானே டாக்டர்? பில்லுக்கு நல்லதுதான். எவ்வளவு நல்லதுன்னு பாருங்க. ராத்திரி 10 மணிக்கு ஏசி போடறீங்க. பகல் பூரா வெயில் குடிச்ச மொட்டை மாடித் தளம் சில மணி நேரம் கழிச்சுத்தான் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மேல் மாடியில குடியிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ராத்திரி கூரையைக் கையால தொட்டாலே தெரியும். அதனால முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் ஏசிக்கு உண்மையான வேலை. விடியறதுக்குச் சற்று முன்னாடி வெளியே இருக்கிறதுலயே குளிர்ந்த நேரம், அறையும் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். அப்போ இழுக்கிற கரண்ட் குறைவு. 4 மணிக்கு நிறுத்தினா நேரத்துல கால்வாசி மிச்சம், யூனிட்டில் கால்வாசி மிச்சமாகாது. 2 மணிக்கு நிறுத்தினா நல்ல மிச்சம் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா பல வீட்டுல 3 மணிக்கு வேர்த்து எழுந்து, ரிமோட்டைத் தேடி, ஆத்திரத்துல 18-ல வெச்சுட்டுத் தூங்கிடறாங்க. மிச்சம் பிடிச்சது அங்கேயே போச்சு.

18-ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறதும் தப்பு. சாதாரண ஏசிக்கு 18-ம் 26-ம் ஒரே வேகம்தான். எங்கே நிறுத்தணும்கிறதுதான் வேற.

டிகிரிக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்றது: ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். 2020 ஜனவரியில இருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணும்போது 24-ல தொடங்கணும்னு விதி வந்ததும் இதனாலதான். 20-ல ஓட்டுற வீடு 27-க்கு மாறினா மூணுல ஒரு பங்கு குறையும். அதாவது 2 மணி டைமர் தர்ற மிச்சத்துக்குக் கிட்ட வந்துடும், யாரும் நடு ராத்திரியில வேர்க்க வேண்டியதில்லை.

27 புழுக்கமா இருக்குமே? கூடவே ஃபேனைப் போடுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வெயில் கால அறிவுரையும் இதுதான்: ஏசியை 27-ல வெச்சு ஃபேன் போட்டா அறை 4 டிகிரி குறைவா இருக்கிற மாதிரி உடம்புக்குத் தெரியும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினா 0.6 யூனிட். "ஏசி போட்டா ஃபேன் போடக்கூடாது"ன்னு யார் கிளப்பி விட்டாங்களோ தெரியல, அவங்களால போன யூனிட் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போ என் துறைக்கு வர்றேன்.

டைமர் 2 மணிக்கு ஏசியை நிறுத்துது. கதவு சாத்தியிருக்கு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலும் சாத்தியிருக்கு. சுவரும் தளமும் மிச்சச் சூட்டை உள்ளே விடுது. தூங்குற ஒரு ஆள் உடம்பிலிருந்தே 70, 80 வாட் வெப்பம் வரும், அறையில மூணு பேர்னா ஒரு பழைய குண்டு பல்பு ரெண்டை விடிய விடிய எரிய விட்ட கணக்கு. மூச்சிலயும் வேர்வையிலயும் வர்ற ஈரம் வேற. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம். காத்துல ஈரம் ஏறினா வேர்வை காயாது. வேர்வை காயலேன்னா உடம்பு குளிராது.

உங்களுக்கோ எனக்கோ இதுல ஒண்ணும் ஆகாது. முழிப்பு வரும், போர்வையைத் தள்ளுவோம், ஜன்னலைத் திறப்போம், ஒரு சொம்பு தண்ணி குடிப்போம். பக்கவாதத்துல ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா என்ன பண்ணுவார்? டிமென்ஷியா இருக்கிற பாட்டிக்கு வேர்க்குதுன்னு சொல்லத் தோணுமா?

வயசானா தாகம் எடுக்கிறதே குறையும், வேர்க்கிறதும் குறையும். ரொம்ப நாள் சர்க்கரை நோயில நரம்பு பாதிச்சவங்களுக்கும் வேர்வை சரியா வராது. மருந்துகளும் சேர்ந்துக்கும். இதயத்துக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியக் கொடுக்கிற ஃப்ரூசமைடு உடம்புத் தண்ணியைக் குறைக்கும். மனநல மருந்துகள் சில, நடுக்கத்துக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்சிஃபெனிடைல் எல்லாம் வெப்பத்தைச் சமாளிக்கிற திறனைக் குறைக்கும். இதைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது வேற ஆபத்து. அவங்க தூங்குற அறையைக் கவனிங்கன்னுதான் சொல்றேன்.

ஹீட் ஸ்ட்ரோக்னா நடு வெயில்ல ரோடு போடறவருக்கு வர்றதுன்னு ஒரு படம் நம்ம மனசுல இருக்கு. அது ஒரு வகை. வீட்டுக்குள்ளயே, கட்டில்லயே, ரெண்டு மூணு நாள் தொடர் சூட்டுல மெல்ல வர்றது இன்னொரு வகை. 1995-ல் சிகாகோ நகரத்துல ஒரே வெப்ப அலையில 700 பேருக்கு மேல செத்தாங்க. அதுல பலர் வீட்டுக்குள்ள தனியா இருந்த முதியவங்க. ராத்திரியும் சூடு இறங்கல. 2003-ல் பிரான்ஸ்ல சுமார் 15,000 பேர் போனதுலயும் பெரும்பாலானவங்க முதியவங்கதான். நம்ம பக்கத்துல அகமதாபாத்ல 2010 மே மாசம் 46.8 டிகிரி வரைக்கும் போச்சு, வழக்கத்தை விட 1,300-க்கும் அதிகமான சாவு. அதுக்கப்புறம்தான் அந்த ஊர் வெப்பத்துக்குன்னு தனித் திட்டம் போட்டுச்சு. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. பகல்ல வெந்த உடம்பு ராத்திரிதான் தேறணும். அந்த ராத்திரியை டைமர் வெச்சுப் பாதியா வெட்டாதீங்க.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுல பிரச்சினை ரெண்டு பக்கமும் உண்டு. ஏசியை 20-ல வெச்சுக் குழந்தையை நடுங்க விடறவங்களும் இருக்காங்க. "பிள்ளை பெத்த உடம்புக்குக் காத்து ஆகாது"ன்னு ஏசி, ஃபேன், ஜன்னல் மூணையும் மூடி, குழந்தைக்குக் குல்லா சாக்ஸ் போட்டு, மே மாசத்துல சுத்தி வைக்கிறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது வீட்டுக் குழந்தை ஜுரம்னு வரும். தொற்று இருக்கான்னு நாங்க பார்த்துத்தான் ஆகணும். பல தடவை அது சூட்டுலயும் பால் பத்தாமலும் வந்த ஜுரம். பச்சைக் குழந்தை அறைக்கு 26, 27 போதும், காத்து நேரா முகத்துல அடிக்காம இருந்தா சரி.

ஏசியே இல்லாதவங்கதான் என் வார்டுல பெரும்பாலானவங்க, அதையும் சொல்லணும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ படுத்திருக்கிறவருக்கு டைமர் விவாதம் எல்லாம் வேடிக்கை. அவங்களுக்கு: கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. சாயங்காலமே பெரியவங்களைக் கீழ் வீட்டுக்கோ காத்தோட்டமான இடத்துக்கோ மாத்துங்க. ஈரத்துணியால கை, கழுத்து, முதுகு துடைச்சுட்டு ஃபேன் போடுங்க. அறை 40 டிகிரியைத் தாண்டிட்டா வெறும் ஃபேன் உதவாது, சூட்டைத்தான் உடம்பு மேல வீசும். அப்போ தண்ணிதான்.

காலையில எழுப்பும்போது பெரியவர் உளறினாலோ, எழுப்பியும் எழலேன்னாலோ, உடம்பு அனலா கொதிச்சாலோ 108-க்குப் போன் பண்ணுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. துணியைத் தளர்த்தி, உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஃபேன் போடுங்க. நினைவு சரியில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

கடைசியா ஒண்ணு. பல வீட்டுல டைமர் போடறது பிள்ளைங்க இல்ல, பெரியவங்களேதான். சில பேர் மகன் தூங்கினதும் ஏசியை மொத்தமா அணைச்சுட்டு, விடியறதுக்குள்ள திரும்பப் போட்டுடுவாங்க. "நாங்க பார்க்காத வெயிலா"ன்னு கேட்பாங்க. பில் வந்த அன்னைக்கு ஹால்ல உட்கார்ந்து, ஸ்லாப் தாண்டிடுச்சுன்னு நாம சத்தமாப் பேசினது அவங்க காதுல விழுந்திருக்கும். அந்தப் பேச்சை அவங்க இல்லாத இடத்துல வெச்சுக்கோங்க. சில நூறு ரூபாய்க்கு அறை வெப்பமானி கிடைக்குது. ஒண்ணு வாங்கி அவங்க தலைமாட்டுல, ஏசி காத்து நேரா படாத பக்கமா மாட்டுங்க. ஏசி எத்தனையில ஓடுதுன்னு ரிமோட் சொல்லும், அவங்க எத்தனை டிகிரியில படுத்திருக்காங்கன்னு இதுதான் சொல்லும். நாளைக்கு விடிகாலை 4 மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்க.