எல்லைக்கல்லை நகர்த்துவது மின்கம்பியா? அளவைக் கருவி மீது எழும் சந்தேகம்

தோட்ட நிலம் வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ கைமாறும்போது முதலில் வந்து நிற்பவர் நில அளவையாளர். சங்கிலி பிடித்து அளந்த காலம் போய்விட்டது. உச்சியில் வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்தது போன்ற கம்பத்தை ஊன்றுகிறார். சில விநாடிகளில், சில சென்டிமீட்டர் துல்லியத்தில், அந்த இடத்தின் அளவு திரையில் வந்துவிடுகிறது. தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி ஓடினால் மட்டும், மின்சாரம் அளவைக் கெடுத்துவிடாதா என்ற சந்தேகம் பார்ப்பவர்களுக்கு வரும்.

சந்தேகத்தில் நியாயம் உண்டு. செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை தரைக்கு வரும்போது, கருவிக்குள்ளேயே இருக்கும் மின்னணு இரைச்சலைவிட மெலிந்துபோகிறது. அதே அலைவரிசையில் பக்கத்தில் சின்னச் சத்தம் எழுந்தாலும் கருவி திணறும்.

ஆனால் மின்கம்பியின் சத்தம் அந்த அலைவரிசையில் இல்லை. மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிக்கிறது. ஜிபிஎஸ் அலையோ 157 கோடி முறைக்கு மேல். மழை நாளில் 275 கிலோவோல்ட் கம்பிக்கடியில் கேட்கும் சரசரப்பு பழைய வானொலிப் பெட்டியை இரைய வைக்கும். செயற்கைக்கோள் அலை வரையில் அது பெரும்பாலும் எட்டுவதில்லை.

அங்கே உண்மையான தொல்லை இரும்புக் கோபுரம்தான். அலை அதில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாகக் கருவிக்குள் நுழையும். தூரக் கணக்கு பிசகும். செம்பனை மட்டைகள் வானத்தை மறைப்பதும் சேர்ந்துகொள்ளும். திருத்தத் தகவலை வானொலி அலையில் அனுப்பும் சிறு பெட்டிக்கும் மின் இரைச்சல் இடைஞ்சல் தரலாம்.

அதைவிட ஆச்சரியமானது, சாதாரண வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் வேலை. 2001-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மோஸ் லேண்டிங் துறைமுகத்தில் ஜிபிஎஸ் செயலிழந்தது. தேடிப் பார்த்ததில், படகுகளில் பொருத்தியிருந்த தொலைக்காட்சி அன்டெனாக்களின் பெருக்கிகளே குற்றவாளிகள். 2012-இல் நியூவார்க் விமான நிலையத்தின் கருவிகளைக் குழப்பியவர் ஒரு வாகன ஓட்டுநர். முதலாளி தன்னைக் கண்காணிக்காமலிருக்க, ஜிபிஎஸ்ஸை மறைக்கும் சிறு சாதனத்தை வண்டியில் வைத்திருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஏறக்குறைய 32,000 அமெரிக்க டாலர்.

மலேசியாவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது வானத்திலிருந்து வருகிறது. சூரியன் தன் உச்சக் கட்டத்தை எட்டியதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. அதே ஆண்டு மே மாதப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறின. நிலநடுக்கோட்டுப் பகுதியில் மேல்வளி மண்டலத்தின் மின் கொந்தளிப்பு சாதாரண நாளிலேயே அதிகம். பிற்பகலில் அளவு கிடைக்க நேரம் பிடிக்கும். சூரியன் மறைந்த பின், குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், சமிக்ஞை துண்டு துண்டாகும்.

சமிக்ஞை அறவே நின்றுவிட்டால் பயமில்லை, வேலை நின்றுவிடும். எல்லாம் சரி என்று திரை காட்டும்போதே அளவு ஓரடி தள்ளியிருப்பதுதான் ஆபத்து. 20க்கு 70 அடி வீட்டு மனையில் அகலம் ஓரடி குறைந்தால் 70 சதுர அடி, மொத்தத்தில் 5 விழுக்காடு, பறிபோகும். கோயில் மதிலை ஒட்டிய நிலத்தில் அந்த ஓரடி எத்தனை ஆண்டு வழக்காகும் என்பதைத் தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்குச் சொல்லத் தேவையில்லை.

நல்ல அளவையாளர் இதனால்தான் ஒரே புள்ளியை வெவ்வேறு நேரத்தில் இருமுறை எடுக்கிறார். பழைய எல்லைக்கற்களிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் கருவியால் சரிபார்க்கிறார். அது ஒளியால் அளப்பது, செயற்கைக்கோளை நம்பியிராதது. பட்டாவுக்கான அளவையை உரிமம் பெற்றவரோ, ஜூபெம் எனப்படும் நில அளவைத் துறையோதான் செய்ய முடியும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸை வைத்து அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கைப்பேசி திறந்த வெளியிலேயே பல மீட்டர் பிசகும்.

கையில் இருப்பது ஹக்மிலிக் செமெந்தாரா, அதாவது தற்காலிகப் பட்டா, என்றால் எல்லை இன்னும் இறுதியாகவில்லை. அளவையாளர் வரும் நாளில் உரிமையாளர் நேரில் நின்று, பழைய கல் எங்கே இருந்தது என்று காட்டுவதற்கும், எந்தக் கல்லிலிருந்து சரிபார்த்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதற்கும் ஏற்ற சமயம் அதுவே.