கழகத்தின் சாவி யார் கையில்?

பிப்ரவரி வந்தால் அமெரிக்காவில் கார்ட்டர் ஜி. உட்சன் படத்துக்கு மரியாதை நடக்கும். 'கறுப்பின வரலாற்றின் தந்தை' என்பார்கள். படம் மாட்டுவது எளிது. 35 ஆண்டுகள் அவர் ஒரு ஆய்வுக் கழகத்தை எப்படி நடத்தினார் என்று பேசுவதுதான் பலருக்குச் சங்கடம்.

அடிமைகளாக இருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துவிட்டு 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அவருக்கு முன் அங்கே அந்தப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் டு பாய்ஸ் ஒருவர்தான்.

அன்றைய வரலாற்றுத் துறை எப்படி இருந்தது? தோட்ட அடிமை முறையைப் பள்ளிக்கூடம்போலச் சித்திரித்து 1918-இல் யூ.பி. பிலிப்ஸ் நூல் எழுதினார். அதற்குப் பெயர் நடுநிலை ஆய்வு! கறுப்பர் தம் வரலாற்றைத் தாமே எழுதினால் மட்டும் அது பிரச்சாரம்.

உட்சன் அவர்களிடம் இடம் கேட்டுக் காத்திருக்கவில்லை. 1915-இல் சிகாகோவில் நீக்ரோ வாழ்வு, வரலாறு குறித்த ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1916-இல் ஆய்விதழ், 1921-இல் பதிப்பகம், 1926-இல் நீக்ரோ வரலாற்று வாரம், 1937-இல் பள்ளிகளுக்கான இதழ். 1950-இல் இறக்கும்வரை கழகத்தின் இயக்குநர் அவரே.

1920-களில் கார்னகி, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணம் வந்தது. பிறகு, கழகத்தை ஒரு கறுப்பினக் கல்லூரியோடு இணைக்கச் சொல்லி நெருக்கினார்கள். உட்சன் மறுத்தார். பணம் நின்றது. கழகம் நிற்கவில்லை. கறுப்பின ஆசிரியர்களும் தேவாலயங்களும் மகளிர் சங்கங்களும் கொடுத்த சிறு தொகைகள் அதைத் தாங்கின. 1936-இல் மேரி மெக்லியோட் பெத்யூன் அதன் தலைவரானார்.

உட்சன் கறாரானவர், பிடிவாதக்காரர் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் கழகத்தின் சாவி புரவலர்களின் கைக்குப் போயிருக்கும்.

தலைப்பிலிருந்து 'சாதி' என்ற சொல்லை எடுத்துவிட்டால் உதவித்தொகை எளிதில் கிடைக்கும் என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பணம் தருபவர்தான் கேள்வியையும் தீர்மானிப்பார் என்றால் அந்த ஆய்வு யாருக்கு? உட்சன் படத்துக்கு மாலை போடுங்கள் தோழர்களே. ஆனால் நம் இதழுக்குச் சந்தா கட்டிவிட்டுப் போடுங்கள்.