கம்பியைக் கூட்டினால் கரிசல் அடங்காது

வீடு கட்டத் தொடங்குகிறவருக்கு ஊர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "கம்பியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க, சிமெண்ட ஒரு மூட்டை கூடவே போடுங்க, ஆயுசுக்கும் அசையாது." கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் என்று கரிசல் படர்ந்த பக்கமெல்லாம் இது வேதவாக்கு. என்ஜினீயர் 12 எம்.எம். கம்பி போதும் என்று வரைபடத்தில் எழுதியிருப்பார். வீட்டுக்காரர் 16 வாங்கி இறக்குவார். கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு கோடை போவதற்குள் ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். உடனே தீர்ப்பும் வந்துவிடும்: கொத்தனார் சிமெண்டைத் திருடிவிட்டார், மேஸ்திரி கம்பியைக் குறைத்துவிட்டார்.

இந்த நம்பிக்கை பொய். வாழ்நாள் சேமிப்பைத் தவறான இடத்தில் கொட்ட வைக்கிற பொய். பெரும்பாலும் தப்பே செய்யாத ஒரு தொழிலாளியைத் திருடனாக்குகிற பொய். கரிசலில் வீடு விரிவதற்குப் பலக்குறைவு முதற்காரணம் அல்ல. வீட்டின் அடியிலிருக்கும் மண்ணில் ஓரிடத்தில் ஈரம், ஓரிடத்தில் காய்ச்சல், அதுதான் காரணம். ஈரத்துக்கு வழி செய்யாமல் இரும்பைக் கூட்டுவது வியாதி ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்து தின்பது.

சந்தேகம் இருந்தால் எந்தக் கரிசல் ஊரிலும் ஒரு தெருவை நடந்து பாருங்கள். பாரம் தாங்காமல்தான் கட்டடம் விரிகிறது என்றால் இரண்டு மாடி வீடு முதலில் விரிய வேண்டும், ஓட்டு வீடு கடைசியில் விரிய வேண்டும். நடப்பது நேர்மாறு. முதலில் விரிவது காம்பவுண்ட் சுவர். அடுத்தது வாசல் படிக்கட்டு. வீட்டோடு ஒட்டியிருந்தது விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். பிறகு போர்டிகோ, குளியலறை, திண்ணை. எடை குறைந்தது எதுவோ அதுதான் முதலில் அடிபடுகிறது. மேலிருந்து அமுக்கும் சுமை செய்த வேலை இல்லை இது. கீழிருந்து தூக்குகிற மண் செய்த வேலை.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. ஓலைச்சுவடிக் கட்டைப் போல நுண்ணிய ஏடுகள் அடுக்கிய அமைப்பு அதற்கு. தண்ணீர் வந்தால் ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கும், காய்ந்தால் ஏடுகள் மறுபடி நெருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உப்புகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. காட்டில் இது வரம்: மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. அதன் மேல் வீட்டைக் கட்டும்போது கதை மாறுகிறது. வீடு கூரையாக நின்று நடுப்பகுதி மண்ணில் வெயில் படாமல் மறைக்கிறது. அங்கே ஈரம் தங்கிவிடுகிறது. சுவர் ஓரத்து மண்ணோ ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து சுருங்குகிறது, ஒவ்வொரு மழையிலும் உப்புகிறது. நடு ஒரு மட்டம், ஓரம் ஒரு மட்டம். எல்லா இடமும் ஒரே சீராக ஓர் அங்குலம் உயர்ந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் சுவர் தாங்காது.

இனி எடைக் கணக்கு. ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டின் கடைக்கால் மண்மேல் வைக்கும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 டன் அளவில் இருக்கும். இறுகிக் காய்ந்த கரிசல் ஈரம் குடித்து உப்பும்போது கொடுக்கும் அழுத்தம் 20 டன்னைத் தாண்டுவது அபூர்வம் அல்ல. இந்தச் சண்டையில் நீங்கள் கூடச் சேர்த்த கால் டன் கம்பி எந்த மூலைக்கு?

கூடுதல் சிமெண்ட் இன்னும் மோசம். கலவையில் சிமெண்ட் ஏற ஏறக் காயும்போது அது சுருங்குவதும் ஏறும். சுவர் முறுக்கேறி, வளைந்து கொடுக்கும் குணத்தை இழக்கும். இன்று இந்திய தர நிர்ணய அமைவனம் எனப்படும் அமைப்பு 1984இல் கட்டட விரிசல்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது, எஸ்.பி. 25 என்பது அதன் எண். செங்கல் கட்டுக்குத் தேவைக்கு மேல் சிமெண்ட் சேர்ந்த சாந்து கூடாது, சுண்ணாம்பு கலந்த சாந்து நல்லது என்பது அதன் அறிவுரை. சாந்து கொஞ்சம் மென்மையாக இருந்தால் அசைவு பல மயிரிழைக் கீறல்களாகப் பிரிந்து பூச்சுக்குள் அடங்கிவிடும். சாந்து கல்லாக இருந்தால் மொத்த அசைவும் ஒரே வெடிப்பாகச் செங்கல்லையே பிளந்துகொண்டு வெளிவரும். நாற்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கிற செய்தி இது. நாம் இன்னும் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப ஆழமாத் தோண்டிட்டாப் போச்சு" என்பார்கள் இன்னொரு கட்சியார். எவ்வளவு ஆழம்? வழக்கமாக வானம் தோண்டுவது ஐந்தடி, ஆறடி. நம் கரிசல் நிலங்களில் பருவத்துக்குப் பருவம் ஈரம் ஏறி இறங்கும் ஆழம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரை போகும். பதினோரு அடிக்கும் மேல். ஆறடியில் நிற்கிற ஃபுட்டிங் அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் நிற்கிறது. அதைவிடப் பெரிய கூத்து அதற்குப் பிறகு நடக்கும். தோண்டி எடுத்த கரிசலையே திரும்பப் பேஸ்மட்டத்துக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, மேலே தளம் போட்டு டைல்ஸ் பதிப்பார்கள். லாரிக் கூலி மிச்சம். அடுத்த மழைக்காலத்தில் ஹால் நடுவே டைல்ஸ் எழும்பும். கதவு தரையில் உரசும். தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியை இழைப்பார்கள்.

மணல் கட்சியும் உண்டு. குழிக்குள் இரண்டடி மணல் போட்டுவிட்டால் மண்ணின் வீக்கத்தை அது வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கு. தண்ணீர் எளிதில் இறங்காத களிமண்ணுக்கு நடுவே மணல் நிரப்பிய குழி என்பது சுற்றுவட்டாரத்துத் தண்ணீரையெல்லாம் வீட்டின் அடியில் சேர்த்து வைக்க நாமே வெட்டிக்கொடுத்த இடம். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர்.கே. கட்டி 1970களில் இதை ஆராய்ந்து வேறு வழி காட்டினார். கரிசலின் மேல் போட வேண்டியது ஒட்டும் தன்மை உள்ள, ஆனால் உப்பாத மண். நம் பக்கத்தில் கிடைக்கும் கிராவல் கலந்த செம்மண் பரிசோதனையில் தேறினால் அதுவே போதும். ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு அதை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினால் கீழிருக்கும் கரிசலின் வீக்கத்தை அது பெருமளவு அடக்கும். கரிசலில் வெட்டிய கால்வாய்களின் கரை காக்க இந்த முறை தரக் குறிப்புகளிலேயே இடம்பெற்றுவிட்டது. கால்வாய்க்குக் கிடைத்த புத்தி வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு வழி அதற்கும் முந்தியது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே உருவாக்கிய, அடி விரிந்த பைல் அது. பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. முக்காலி நட்டு, திருகு துளைப்பானின் கைப்பிடியைப் பிடித்து ஆட்கள் சுற்றிச் சுற்றி நடந்தால் ஓரடி விட்டத்தில் குழி இறங்கும். களிமண் என்பதால் குழியின் பக்கம் சரியாமல் நிற்கும். மூன்றரை மீட்டர் இறங்கியதும் வேறொரு கருவியை உள்ளே விடுவார்கள். அடியில் தட்டி அழுத்திச் சுற்றும்போது அதன் கத்திகள் விரிந்து, தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்கு மண்ணைக் குடைந்து, தன் வாளியிலேயே அள்ளிக்கொண்டு மேலே வரும். கம்பிக் கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினால் குமிழ் அசையாத மண்ணில் ஊன்றிக்கொள்ளும். மேலடுக்கு மண் உப்பித் தண்டைப் பிடித்து இழுத்தாலும் அடிக்குமிழ் விடாது. இங்கே கம்பிக்கு உண்மையான வேலை உண்டு: அந்த இழுப்பைத் தாங்குவது. பைல்களை இணைக்கும் பீமைத் தரையில் படுக்க வைக்கக்கூடாது. அடியில் குறைந்தது 80 மில்லிமீட்டர், அதாவது மூன்றங்குலத்துக்குச் சற்று மேல், வெற்றிடம் விட வேண்டும் என்கிறது பைல்களுக்கான ஐ.எஸ். 2911. மண் உப்ப இடம் வேண்டுமல்லவா? நம் ஊரில் அந்த இடைவெளியைப் பார்த்த மாத்திரத்தில் "பீம் அந்தரத்துல நிக்குதே" என்று பதறி, மண்ணைத் திணித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. காசு கொடுத்துப் போட்ட பைலை இலவசமாகக் கெடுக்கும் முறை இது.

கம்பியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது கிளப்பிவிடுவார்கள். மட்டமான கான்கிரீட் எந்த மண்ணிலும் மட்டம்தான். ஆஸ்திரேலியாவில் களிமண் மேல் விறைப்பான ராஃப்ட் போட்டுத்தான் பல வீடுகள் நிற்கின்றன. பீமின் ஆழமும் கம்பியும் அங்கே முக்கியம். ஆனால் எவ்வளவு கம்பி என்பதை அங்கே மண் சொல்கிறது. அவர்களுடைய ஏ.எஸ். 2870 என்ற தர விதி, மனையின் மேல்மட்டம் பருவத்துக்குப் பருவம் எத்தனை மில்லிமீட்டர் அசையும் என்பதை வைத்து மனையை வகைப்படுத்துகிறது: 20 வரை ஒரு வகை, 40 வரை இன்னொன்று, 75ஐத் தாண்டினால் கடைசி வகை. வகை தெரிந்த பிறகே பீம். இங்கே வகையும் தெரியாது, அசைவும் தெரியாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பதே நம் கணக்கு.

அமெரிக்காவில் 1973இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இருவர் உப்பும் மண்ணால் ஆண்டுதோறும் 200 கோடி டாலருக்கு மேல் சேதம் என்று கணக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத பேரிடர் என்று அதை அழைத்தார்கள். பிரிட்டனில் 1976 வறட்சியில் களிமண் சுருங்கி வீடுகள் இறங்க, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அங்கெல்லாம் சிமெண்டும் கம்பியும் தட்டுப்பாடா என்ன?

சரி, தண்ணீருக்கு வருவோம். விரிந்த வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே வாய் திறந்து நிற்கும். குளியலறைத் தண்ணீர் பின்பக்க வாழைக்குப் போகும். வாழை சுவரை ஒட்டி நிற்கும். செப்டிக் டேங்க் ஒரு மூலையில் கசியும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் மாநிலம் முழுக்க வீட்டோரம் உறிஞ்சுகுழி வந்தது. நல்ல திட்டம்; ஆனால் களிமண்ணில் தண்ணீர் கீழே இறங்காது, குழியில் நின்று பக்கவாட்டில் கடைக்காலை ஊற வைக்கும். கரிசலில் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோவதுதான் முறை. எதிர் மூலையில் நிழலுக்கு நட்ட வேம்போ கொன்றையோ கோடையெல்லாம் மண்ணை உறிஞ்சிக் காயப்போடும். ஒரு மூலை ஊறல், ஒரு மூலை காய்ச்சல். சுவர் இரண்டுக்கும் நடுவில். மரம்தான் காரணம் என்று தெரிந்ததும் வெட்டிச் சாய்ப்பதும் ஆபத்து. அது குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்க, சுருங்கிக் கிடந்த இடம் வருஷக்கணக்கில் உப்பும்.

"எங்க தாத்தா கட்டின வீடு எந்த டெஸ்ட்டும் இல்லாம நிக்குதே" என்பது கடைசி ஆயுதம். தாத்தா கட்டியது மண் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும்; மேலே ஓடோ கூரையோ. அந்த வீடும் அசைந்தது, விரிந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு மண் குழைத்துப் பூசி வெள்ளையடித்தபோது விரிசல் மறைந்தது. வளைந்து கொடுக்கும் வீட்டில் வாழ்ந்த அனுபவத்தை, வளையவே தெரியாத வீட்டுக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறோம்.

இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? சிமெண்டையும் கம்பியையும் கடையில் விற்கலாம்; யானை மோதினாலும் அசையாத சுவரை விளம்பரத்தில் காட்டலாம். சுவரிலிருந்து தண்ணீரைத் தள்ளி வைக்கும் வாய்க்காலை யாரும் விளம்பரம் செய்வதில்லை. கூடுதல் கம்பி கண்ணுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம். மண் பரிசோதனை அறிக்கையை யாரிடம் காட்டுவது?

அந்தப் பரிசோதனை எத்தனை எளிது என்று பாருங்கள். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, இரண்டு கண்ணாடி அளவுக்குழாய்களில் போடுகிறார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது மண்ணெண்ணெயில் மண் 12 மில்லியிலும் தண்ணீரில் 24 மில்லியிலும் நின்றால் உப்பும் அளவு 100 சதவீதம். 50க்குக் கீழ் என்றால் பெரிய கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் சாதாரண கடைக்கால் கூடாது. ஹாலுக்கு வாங்கும் கிரானைட்டில் ஒரு மூலையைக் குறைத்தாலே இதற்கான பணம் வந்துவிடும்.

கட்டி முடித்தவர்களுக்கும் வழி உண்டு. விரிசலுக்கு இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டு, இடைவெளியையும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். சித்திரையில் அகன்று கார்த்திகையில் ஒடுங்கினால் குற்றவாளி கொத்தனார் அல்ல, மண். பட்டி வைத்துப் பூசுவதை நிறுத்திவிட்டு, மாடித் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் குழாய் போட்டுத் தள்ளிக்கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் இறங்காத தளம், வெளிப்பக்கம் சாய்வாகப் போடுங்கள்.

கட்டப்போகிறவர்கள் என்ஜினீயரிடம் "எத்தனை டன் கம்பி?" என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும். முதலில் கேட்க வேண்டியவை மூன்று. இந்த மண் எத்தனை சதவீதம் உப்பும்? எத்தனை அடிக்குக் கீழே அது அசையாமல் இருக்கும்? என் வீட்டுத் தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவர் கரிசலில் வீடு கட்டத் தகுதியில்லாதவர். வீட்டுக்கடன் தரும் வங்கியும் வரைபடத்துக்கு முத்திரை குத்தும் உள்ளாட்சியும் கரிசல் வட்டாரங்களிலாவது இதே மூன்று பதில்களைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் துருவிப் பார்க்கிறவர்கள், அந்தப் பத்திரம் எந்த மண்ணுக்கு உரியதோ அந்த மண்ணையும் ஒரு முறை பார்ப்பதில் என்ன நஷ்டம்?