தேதி கேட்டால் குற்றமா?

திறமூல மென்பொருள் உலகத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் முகம் சுளிப்பார்கள். "அடுத்த பதிப்பு எப்ப வரும்?" கேட்டவர் ஊருக்குப் புதுசு என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பழைய ஆசாமி ஒருவர் வந்து "தயாரானதும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் பதில். காசு கொடுக்காதவனுக்குத் தேதி ஒரு கேடா என்பது அதில் சொல்லாமல் விட்ட மிச்சம்.

பிக்புளூபட்டன் இந்த மரபில் வந்த பிள்ளை. இணையவழி வகுப்பு நடத்துவதற்கான மென்பொருள். கனடாவில், ஒட்டாவா நகரத்துக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கியது. கூட்டத்தைத் தொடங்குவது ஒரு பெரிய நீலப் பொத்தானை அமுக்குவதுபோல் சுலபமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெயர் வைத்தார்கள். பெயரில் இருக்கிற வேகம் பதிப்பு எண்ணில் இல்லை. 0.80, 0.81, 0.9 என்று நகர்ந்து நகர்ந்து 1.0-ஐத் தொட 2016 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம்! வேறு யாராவது என்றால் அதற்குள் 7.0 என்று போட்டு விழா எடுத்திருப்பார்கள்.

இந்த நிதானத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அது நியாயமான நிதானம். அலுவலகக் கூட்டத்தில் குரல் விட்டுவிட்டு வந்தால் "அப்புறம் பேசலாம்" என்று கலைந்துவிடலாம். வகுப்பில் ஆசிரியர் குரல் ஐந்து நிமிஷம் போனால் அந்தப் பாடவேளையே போயிற்று. படம் வராவிட்டாலும் பாடம் நடக்கும், குரல் வராவிட்டால் நடக்காது. அதனால்தான் புது வசதி எதையும் அவர்கள் அவசரமாகத் திணிப்பதில்லை. 0.80-இல் வந்த பதிவு வசதியைப் பாருங்கள். ஸ்லைடு, குரல், அரட்டை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேமித்து, திரும்பப் போடும்போது நேரம் பிசகாமல் ஒன்றாக ஓடவிட வேண்டும். ஸ்லைடு ஒரு பக்கம், விளக்கம் வேறு பக்கம் என்று போனால் பதிவே வேண்டாம் என்றாகிவிடும். இதற்கெல்லாம் "டிசம்பர் 15" என்று நாள் குறிக்கச் சொல்வது அடாவடி. முகத்துக்குப் பின்னால் கடற்கரை தெரிகிற மெய்நிகர் பின்னணி 2.4-இல் வந்தது. ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் யாருடைய படிப்பு கெட்டிருக்கும்?

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. "தயாரானதும் வரும்" என்ற வேதவாக்கை வசதிகளோடு நிறுத்தாமல் அஸ்திவாரத்துக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான்.

இந்த மென்பொருள் ஒற்றைக் கல்லில் செதுக்கியது இல்லை. குரலுக்கு ஃப்ரீஸ்விட்ச், படத்துக்கு முன்பு குரெண்டோ பின்பு மீடியாசூப், ஏற்றுகிற கோப்புகளை ஸ்லைடாக மாற்ற லிப்ரேஆபிஸ், எல்லாவற்றுக்கும் அடியில் உபுண்டு. அதுவும் ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பிட்ட ஒரு உபுண்டு மட்டும். அந்த அடித்தளத்துக்குத் தேதி உண்டு, அது இவர்கள் கையில் இல்லை. உபுண்டு 16.04-க்கு ஐந்து வருஷப் பராமரிப்பு, 2021 ஏப்ரலில் முடியும் என்பது அது வெளிவந்த 2016 ஏப்ரலிலேயே உலகத்துக்குத் தெரியும் (தனியாகப் பதிந்து வாங்கும் நீட்டிப்பு வேறு கதை). பிக்புளூபட்டன் 2.2 உட்கார்ந்திருந்தது அந்த 16.04-இல். 18.04-க்கு மாறிய 2.3 வந்தது எப்போது? அதே 2021-இல். அடுத்து 20.04-இன் பராமரிப்பு 2025 மே மாதம் முடிந்தது. 22.04-இல் ஓடும் 3.0 வந்ததும் 2025-இல்தான். ஐந்து வருஷம் முன்பே அச்சான நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வருஷத்தில் ஓடுவதைத் தரக் கட்டுப்பாடு என்று சொல்லலாமா?

முடியாத காரியமும் இல்லை. 18.04-இன் காலம் 2023-இல் முடிந்தது. 20.04-க்கு மாறிய 2.5 அதற்கு முந்தைய வருஷமே, 2022-இல் வந்துவிட்டது. ஒருமுறை செய்தவர்களால் எல்லா முறையும் செய்ய முடியும்.

ஃப்ளாஷ் கதையும் இதுதான். ஃப்ளாஷுக்கு 2020 முடிவோடு மூடுவிழா என்று அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. ஆசிரியரின் திரை முழுக்க ஃப்ளாஷில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு அது சாவுத் தேதி. அங்கே "தயாரானதும்" என்று கை கட்டி நிற்க முடியாது, நிற்கவும் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் கதவைச் சாத்தியபோது ஃப்ளாஷ் தேவைப்படாத எச்டிஎம்எல்5 முகப்போடு 2.2 கையில் இருந்தது. ஜெர்மனியில் எத்தனையோ பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் அந்த வருஷம் இதை நம்பி வகுப்பு நடத்தின. அடுத்தவன் வைத்த கெடு இவர்களுக்குச் செய்த உபகாரம் அது.

இதில் என்ன அவ்வளவு பெரிய நஷ்டம் என்று கேட்பவர்கள், பள்ளியில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரை நினைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஆள். பாதி நேரம் அவரே கணக்கு வாத்தியாராகவும் இருப்பார். உபுண்டு மாறுகிறபோது இருக்கிற சர்வரில் அப்படியே மேலேற்ற வேண்டாம், புதிதாக ஒன்றில் நிறுவிக்கொள்ளுங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. அதாவது புது இயந்திரம், புது நிறுவல், பழைய பதிவுகளை எல்லாம் இடம் மாற்றுவது, மூடுலோடு மறுபடி இணைப்பது, சோதித்துப் பார்ப்பது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் யாராவது இதைச் செய்வார்களா? விடுமுறையில்தான் செய்ய முடியும். விடுமுறைக்குத் தேதி உண்டு. புதிய பதிப்புக்கு இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? அடுத்த விடுமுறைவரை பழைய சர்வரையே ஓட்டுவார். பராமரிப்பு நின்றுபோன சர்வரில் பிள்ளைகளின் பேரும் குரலும் முகமும் கிடக்கும்.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2020-இல் ஒரு ஓட்டை வெளிவந்தது. உள்ளே தந்திரமான முகவரி ஒன்றைப் பொதிந்துவைத்த ஒரு ஆவணத்தை வகுப்பில் ஏற்றினால், சர்வரில் இருக்கிற கோப்புகளையே படித்துவிடலாம். லிப்ரேஆபிஸ் அந்த முகவரியை நம்பி, சொன்ன இடத்துக்குப் போய் எடுத்துவந்து ஸ்லைடாகக் காட்டிவிடும். அடியில் இருப்பதை அடக்கி வைக்கத் தவறினால் மேலே எவ்வளவு மெருகு போட்டும் பிரயோஜனம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"ஓசியில் வாங்குகிறவன் தேதி கேட்கலாமா?" என்பார்கள். உரிமத்தில் உத்தரவாதம் கிடையாது, உண்மைதான். யாரும் உத்தரவாதம் கேட்கவில்லை. திட்டத்தைத்தான் கேட்கிறார்கள். அதுவும் 2022-இல் வந்த மூடுல் 4.0 பிக்புளூபட்டனைத் தன் மூலத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும் இது நாலு நண்பர்கள் கூடி எழுதும் நிரல் என்ற பாவனை எடுபடாது.

தேதி வைத்தால் தரம் கெடும் என்பது இன்னொரு சாக்கு. டெபியன் "தயாரானதும்" என்று சொல்லிச் சொல்லியே 2002 ஜூலையில் வந்த வுடிக்கும் 2005 ஜூனில் வந்த சார்ஜுக்கும் நடுவே மூன்று வருஷத்தை விழுங்கியது. அதே டெபியனை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று 2004-இல் கிளம்பியதுதான் உபுண்டு. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு தயாராகவில்லை என்றதும் என்ன செய்தார்கள்? தள்ளிப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்து, ஜூனில் 6.06 என்ற எண்ணோடு வெளியிட்டார்கள். குடி முழுகிவிடவில்லை. தேதி வைத்தவன் தள்ளிப்போட்டால் தள்ளிப்போட்டதாவது நாலு பேருக்குத் தெரியும். வைக்காதவன் எதைத் தள்ளிப்போட்டான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

3.0 உட்கார்ந்திருக்கும் 22.04-இன் ஐந்து வருஷம் 2027 ஏப்ரலில் முடிகிறது. ஜெர்மன் பள்ளிகளுக்கு அதற்கு முன்னால் கிடைக்கும் கடைசிக் கோடை விடுமுறை 2026-இல். கடற்கரைப் பின்னணிக்கு யாரும் நாள் குறிக்க வேண்டாம், இந்த மாற்றத்துக்குக் குறித்துக் கொடுக்கலாம்.