மண்ணுக்கும் வில்லங்கம் பாருங்கய்யா!

மனை வாங்கப் போகிற நம்ம ஊர் குடும்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுப்பார்கள். மூலப் பத்திரம், பட்டா, வக்கீல் ஒப்பினியன் எல்லாம் பார்ப்பார்கள். வங்கிக்காரர் அதையே இன்னொரு தடவை தோண்டுவார். வாஸ்துக்காரர் வந்து ஈசானி மூலையைக் காட்டுவார். இதற்கு முன்னால் அந்த மண் யார் யார் கையில் இருந்தது என்பது அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவிடும். அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

"அதெல்லாம் மேஸ்திரி பார்த்துப்பாரு." முடிந்தது கதை.

நான் படிப்பது பி.காம். சிவில் இன்ஜினியரிங் விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று வகுப்பில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. ஐயா, ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் வாங்குகிற மிகப் பெரிய சொத்து வீடு. அதற்காக வாங்குகிற கடனை இருபது வருஷம் கட்டுகிறார்கள். அந்தச் சொத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பணத்தைப் போடுவது எங்கள் பாடத்திலும் தப்புதான்.

முதலில் "எல்லா இடத்துக்கும் அஞ்சடி ஆழம், நாலுக்கு நாலு ஃபுட்டிங்" என்கிற மந்திரத்தைப் பார்ப்போம். தரைத்தளமும் மாடியும் உள்ள ஒரு வீட்டில், நடுவில் நிற்கும் ஒரு பில்லர் சுமார் 30 டன் பாரத்தைக் கீழே இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்றால் ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பு போதும். அதாவது நாலடிக்கு நாலடி. மேஸ்திரி ஜெயித்தார்! அதே வீடு, அதே பில்லர், ஆனால் அடியில் இளகிய களிமண், சதுர மீட்டருக்கு ஏழரை டன்தான் தாங்கும் என்றால்? நாலு சதுர மீட்டர் வேண்டும். அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு பரப்பு! எதிர்வீட்டு அளவைப் பார்த்துக் கம்பி கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

மேஸ்திரியின் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. கடப்பாரை இறங்குகிற விதத்தை வைத்தே மண்ணைப் பற்றி நாலு விஷயம் சொல்லக்கூடியவர் அவர். ஆனால் அவர் பார்ப்பது தோண்டிய அஞ்சடியைத்தான். ஆறடி அகல ஃபுட்டிங் வைத்தால் அதன் அழுத்தம் அதற்குக் கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும் உணரப்படும். அங்கே ஒரு சேற்றுப் படிவம் ஒளிந்திருந்தால் கடப்பாரைக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதில் மாயமந்திரமும் இல்லை. துளை போட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் மண் பலவீனம். அதோடு மண் மாதிரியை லேபுக்குக் கொண்டுபோய் அது வீங்குகிற களிமண்ணா, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார்கள். தண்ணிக்காக 300 அடி போர் போட நம்மிடம் காசு இருக்கிறது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்கும் காசு இருக்கிறது. வீட்டுக்காக 20 அடி துளை போடச் சொன்னால் மட்டும் பட்ஜெட் இடிக்கிறது!

அடுத்த வாதம்: "நாம என்ன பதினோரு மாடியா கட்டுறோம்?"

பதினோரு மாடி என்றதும் மௌலிவாக்கம் ஞாபகம் வர வேண்டும். 2014 ஜூன் 28, மழை பெய்த ஒரு சாயங்காலம், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளிகள். இடி விழுந்ததால் இடிந்தது என்றுகூடச் சிலர் ஜல்லியடித்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி அரசே வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

உங்கள் மாடி வீடு அப்படி ஒரே நாளில் விழாது, சரி. அது மெல்ல மெல்லக் கொல்லும். ஒரு பில்லர் அரை அங்குலம் இறங்கி, பக்கத்துப் பில்லர் ரெண்டு அங்குலம் இறங்கினால் போதும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கதவு சாத்த வராது. வருஷா வருஷம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பீர்கள், வருஷா வருஷம் விரிசல் அதே இடத்தில் வந்து சிரிக்கும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண்ணில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. மழையில் வீங்கிக் கோடையில் வெடிக்கிற மண் அது. இதற்கென்றே, அடியில் குமிழ் போல விரிந்த பைல் அஸ்திவார முறையை ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. மருந்து ரெடி. நோயாளிதான் ரத்தம் பரிசோதிக்க மாட்டேன் என்கிறார்.

"அந்தக் காலத்துல ராஜாக்கள் சாயில் டெஸ்ட் பண்ணினாங்களா?" இது எல்லோருக்கும் பிடித்த கேள்வி. நின்றதைத்தான் நாம் பார்க்கிறோம், விழுந்தது நம் கண்ணில் படாது. பைசா கோபுரத்துக்கு 1173-இல் மூன்று மீட்டர் ஆழத்தில் அஸ்திவாரம் போட்டார்கள். அடியில் இளகிய மண். மூன்றாவது மாடி எழும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. விழாமல் பிடித்து நிறுத்த 1990-இல் மூடி, சாயாத பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, 2001 டிசம்பரில்தான் திறந்தார்கள். நம் பக்கத்திலேயே காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் சரிந்து மண்ணோடு மண்ணானது. ராஜா கட்டினால் மட்டும் மண் மரியாதை கொடுத்துவிடாது.

"அமெரிக்காவுல மரச்சட்டத்துல வீடு கட்டுறாங்க, நமக்கு இவ்வளவு பயம் எதுக்கு?" என்றும் ஒரு கோஷ்டி சொல்லும். நம் செங்கல் வீட்டோடு பார்த்தால் மரவீடு பாரம் குறைவு, உண்மை. அப்படியும் அவர்கள் சும்மா விடவில்லை. மண் வகைக்கு ஏற்ப எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அவர்களுடைய குடியிருப்பு விதித்தொகுப்பில் அட்டவணையே இருக்கிறது. அடிமரச் சட்டத்தை ஆறடிக்கு ஒரு போல்ட் வீதமாவது அஸ்திவார கான்கிரீட்டோடு முடுக்க வேண்டும் என்றும் விதி. 1989-இல் கலிபோர்னியா நிலநடுக்கத்தில், அப்படி முடுக்காத பழைய மரவீடுகள் பல அஸ்திவாரத்தை விட்டு வழுக்கி இறங்கின. லேசான மரவீட்டுக்கே இந்தப் பாடு. நாம் செங்கல்லும் கான்கிரீட்டுமாக ஏற்றிவிட்டு, அஸ்திவாரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நம்புகிறோம் :-)

கடைசியாக செலவு. சாதாரணத் தனி வீட்டுக்கான மண் பரிசோதனை பெரும்பாலும் ஒரு நல்ல தேக்கு வாசக்காலும் கதவும் செய்கிற காசுக்குள் அடங்கிவிடும். கதவை நாளைக்கு மாற்றலாம். டைல்ஸ் மாற்றலாம், எலிவேஷன் மாற்றலாம். அஸ்திவாரத்தை மாற்ற முடியாது. வீட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே வேலை பார்ப்பதற்குள் இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பரிசோதனை என்றாலே செலவு கூடும் என்று யார் சொன்னது? மண் கெட்டி என்று தெரிந்தால், பயத்தில் போடுகிற அதிகக் கம்பியும் கான்கிரீட்டும் மிச்சம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வீட்டுக்கடன் தரும் வங்கிகள் வக்கீல் ஒப்பினியனோடு மண் அறிக்கையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். அடமானம் அவர்களுடையதும்தானே! நூறு மனை போட்டு விற்கிற புரமோட்டர், கொடி நட்டு கேட் வைப்பதற்கு முன் லேஅவுட்டில் பரவலாகத் துளை போட்டு அறிக்கையை வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். நூறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏரியை மேடாக்கி, அதற்கு ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயர் வைத்து விற்பவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

சட்டம் வரும்வரை? கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்து அந்த இடம் முன்பு குளமா, வயலா என்று தெரிந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர் விரிசலைப் பாருங்கள். உங்கள் இன்ஜினியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை மண் எத்தனை அடியில் வருகிறது? அது சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும்? ஐப்பசி மழையில் நீர்மட்டம் எங்கே நிற்கும்?

"நம்பிக்கைதான் சார் எல்லாம்" என்று பதில் வந்தால், வேறு இன்ஜினியரைப் பாருங்கள்.