கெட்டி மேளத்தில் மௌன விரதம்

கெட்டி மேளம் எதற்கு? முகூர்த்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக எதையாவது உளறினாலோ காதில் விழக் கூடாது என்பதற்காக. அப்பேர்ப்பட்ட சத்தத்துக்கு நடுவே, நம் 'க்ளிக்' யாருக்கும் இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று காமிராவை ஸைலன்ட் மோடில் போட்ட நாகரிகக் கோமான் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ராசிபுரத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். விடியற்காலை 4.30 - 6.00 முகூர்த்தம். தவணையில் வாங்கிய மிர்ரர்லெஸ் காமிரா, அதன் தலையில் ஒரு இரவல் ஃப்ளாஷ் சகிதம் சேலத்திலிருந்து போயிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அமுக்கினேன். ஃப்ளாஷ் அடிக்கவில்லை. பாட்டரியை மாற்றினேன். தட்டினேன். உலுக்கினேன். ஊஹூம்.

"ஏனுங் கண்ணு, லைட்டே வெட்டக் காணோம்?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர்.

"டெஸ்ட் பண்றேனுங்க!"

டெஸ்ட் முடிவதற்குள் மூன்று முடிச்சும் முடிந்துவிட்டது. எண்பது தாண்டிய எங்கள் அப்பத்தா மெள்ள எழுந்து வந்து, அட்சதை போட்டு, பேத்தியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டு நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டார். என் காமிராவில் எல்லோரும் அரையிருட்டு. போதாக்குறைக்கு மேடையின் எல்.இ.டி. விளக்குகள் புண்ணியத்தில், மணப்பெண் முகம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு. விபூதி பூசின மாதிரி!

பந்தியில் பக்கத்து இலை, கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்த ஸ்டூடியோக்காரர். காமிராவை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க தம்பி. ஸைலன்ட்ல வெச்சா காமிராவே ஃப்ளாஷைத் தடுத்துடும்."

"ஏனுங்க?"

இலையைக் காட்டி விளக்கினார். 24 மெகாபிக்ஸல் ஸென்ஸாரில் சுமார் 4,000 வரிசை. மெக்கானிக்கல் ஷட்டரில் 1/200 விநாடி வாக்கில் ஒரு கணமாவது எல்லா வரிசையும் சேர்ந்து பந்தியில் உட்காரும். ஃப்ளாஷ் என்கிற பாயசம் அந்தக் கணத்தில் வந்தால் எல்லா இலைக்கும் கிடைக்கும். ஸைலன்ட் மோடில் திரை கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக். முதல் வரிசை உட்கார்ந்து எழுந்திருக்கும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது... கடைசி வரிசை வரை போய்ச் சேரப் பல காமிராக்களில் 1/15, 1/30 விநாடி ஆகிவிடுகிறது. பாயசமோ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் காலி! அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். படத்தில் ஒரு பட்டை வெளிச்சம், மீதி இருட்டு. அந்த அசிங்கத்துக்கு, ஃப்ளாஷே வேண்டாம் என்று காமிரா முடிவு செய்துவிடுகிறது. எல்.இ.டி. கோடுகளும் இதே கதைதான். விளக்கு மினுக்குவது நம் கண்ணுக்குத் தெரியாது. வரிசை வரிசையாக வாசிக்கும் ஸென்ஸாருக்குத் தெரியும்.

பணமிருந்தால் வழியுண்டு. 2021-ல் வந்த நிகான் இஸட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது; ஸென்ஸார் படுவேகம் என்பதால் ஃப்ளாஷ் அடிக்கிறது. 2023-ல் அறிவிக்கப்பட்ட ஸோனி ஏ9 மூன்றில் அத்தனை வரிசையும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் எழுந்திருக்கும். 1/80,000 விநாடியில்கூட ஃப்ளாஷ்! விலை லட்சங்களில். என் மாதிரி மாதச் சம்பளக்காரன் ஷோகேஸில் பார்த்துக் கும்பிடலாம்.

"இத்தனை எதுக்குங்க தம்பி? எங்கப்பாவோட யாஷிகா மேட் 124ஜி இன்னும் பீரோல இருக்குது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே. சத்தம் கேக்கவே கேக்காது. 1/500 வரைக்கும் எந்த ஸ்பீடுலயும் ஃப்ளாஷ் அடிக்கும்" என்றார் ரசம் வாங்கிக்கொண்டே.

எனவே, வீக் எண்டில் காமிராவும் கையுமாக அலையும் ஆபீஸ் நண்பர்களே! ஃப்ளாஷ் வேண்டுமா, மெக்கானிக்கல் ஷட்டர், 1/200-ஐத் தாண்டாதீர்கள். தூங்கும் குழந்தை, கச்சேரி, ரிடையராகும் மானேஜரின் கண்ணீர் உரை... இவற்றுக்கு ஸைலன்ட்; ஃப்ளாஷை மறந்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். எல்.இ.டி. கோடு விழுந்தால் 1/100 அல்லது 1/50-க்கு இறங்கிப் பாருங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் அடங்கும். நாமக்கல் கோழிப் பண்ணைக்குள் மட்டும் சத்தமும் வேண்டாம், மின்னலும் வேண்டாம். மிரண்ட கோழி முட்டையில் கணக்குத் தீர்த்துவிடும்!

அந்த ஐப்பசியில் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். மாலை போட நல்ல படம் தேடினோம். என்னிடம் இருந்ததெல்லாம் இருட்டு. ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன். பேத்தி கன்னத்தில் கை வைத்து, பொக்கை வாய் நிறையச் சிரிக்கும் அப்பத்தாவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

படத்தின் ஓரத்தில் ஓர் ஆசாமி, அப்பத்தாவைப் பார்க்காமல், குனிந்து காமிராவை உலுக்கிக் கொண்டிருக்கிறான். அவனையும் சேர்த்துத்தான் ஃப்ரேம் போட்டிருக்கிறோம்.