பலகை இருக்கிறது, தரை எங்கே?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, ‘செயற்கை நுண்ணறிவு’, ‘சூரிய சக்தி’ என்று ஆளுக்கொரு பெரிய தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். நான் எடுத்துக் கொண்டது ஒரு விளையாட்டுச் சாமான்! ஆமாம், இரண்டு சக்கரக் காஸ்டர் போர்டு பற்றித்தான் எழுதப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இதில் நம் பாடமும் இருக்கிறது, நம் தெருவும் இருக்கிறது.

அது என்ன போர்டு?

ஸ்கேட் போர்டை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்போம். ஒரு பலகை, நாலு சக்கரம். வேகம் குறையும்போதெல்லாம் காலால் தரையை உதைக்க வேண்டும். காஸ்டர் போர்டில் சக்கரம் இரண்டே இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பலகையும் இரண்டு துண்டு. முறுக்கிக் கொடுக்கும் ஒரு தண்டு நடுவில் இரண்டையும் சேர்க்கிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் பிரபலமாகி, ‘ரிப்ஸ்டிக்’, ‘வேவ் போர்டு’ என்ற பெயர்களில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. கிளம்புவதற்கு ஒரு உதை. அப்புறம் இடுப்பையும் காலையும் ஆட்டி ஆட்டியே போய்க் கொண்டிருக்கலாம். மீன் வாலை ஆட்டி நீந்துகிற மாதிரி!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சருக்கு அடியில் எந்தப் பக்கமும் திரும்பும் குட்டிச் சக்கரம் இருக்கிறதே, அதுதான் காஸ்டர். ஸ்ட்ரெச்சரில் அது திரும்பும் அச்சு செங்குத்தாக நிற்கும். போர்டில் அதைச் சுமார் 30 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதனால் பலகை சாய்ந்தால் சக்கரமும் திரும்பும். முன்காலும் பின்காலும் எதிரெதிராக முறுக்கும்போது, பக்கவாட்டில் நாம் கொடுக்கும் தள்ளு முன்னோக்கிப் போகிற வேகமாக மாறுகிறது. நின்றால் விழும், ஓடினால் நிற்கும். சைக்கிள் மாதிரியேதான்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பருக்காக டார்ஷன் ஈக்வேஷனை எத்தனை தடவை எழுதிப் பார்த்திருப்போம்! பரீட்சை முடிந்த மறுநாளே பாதி மறந்து போச்சு. காஸ்டர் போர்டு ஓட்டுகிற பிள்ளைக்கு ஈக்வேஷன் தெரியாது. ஆனால் தண்டை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு எதிர்க்கும், விட்டால் எப்படித் திரும்பி வரும் என்பது அதன் உள்ளங்காலுக்குத் தெரியும். உடம்பால் படித்தது மறக்காது.

பேரிங் வண்டிக்குச் சொந்தம்

எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். பவுண்டரி, பம்ப் கம்பெனி, லேத் பட்டறை நிறைந்த ஊர். தேய்ந்து கழித்த பேரிங் மூன்று கிடைத்துவிட்டால் பையன்களுக்கு அன்றைக்கே தீபாவளி! ஒரு பலகை, அதில் குறுக்குக் கட்டை. முன்னால் ஒரு பேரிங், பின்னால் இரண்டு. கயிற்றைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒருத்தன் உட்கார, இன்னொருத்தன் தள்ள, கடகடவென்று சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். 6203 பேரிங் என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ. என்று இப்போது டேபிளில் பார்க்கிறேன். அப்போது கட்டை விரலை நுழைத்துப் பார்த்தே ஜோடி சேர்ப்போம்.

ஸ்கேட்டிங் சக்கரங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் 608 பேரிங். உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மி.மீ. அவ்வளவுதான் வித்தியாசம், பேரிங் வண்டிக்கும் இதற்கும் ஒரே ரத்தம். நம் வண்டியில் இரும்பே தரையில் உருளும், வளைவில் வழுக்கும். இதில் பேரிங்குக்கு மேல் பாலியூரிதேன் சக்கரம். தரையைப் பிடிக்கும், அதிர்ச்சியையும் கொஞ்சம் வாங்கிக் கொள்ளும். 1970-களில் ஸ்கேட் போர்டுக்கு இந்தச் சக்கரம் வந்த பிறகுதான் அந்த விளையாட்டே வேகம் பிடித்தது. ஆகவே ‘வெளிநாட்டுச் சாமான், நமக்கு எதுக்கு?’ என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

தரை யாருக்கு?

எங்க அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறார். அங்கே ஒரு வீட்டில் பையன் வளர்ந்துவிட்டதால் பழைய காஸ்டர் போர்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். பின்சக்கரம் சுற்றவில்லை. பேரிங்கைக் கழற்றி, டீசலில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன், ஓடியது. பத்து வயசுத் தங்கச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

ஆனால் ஓட்டுவது எங்கே? எங்கள் தெரு பாதி மண், மீதி ஜல்லி பெயர்ந்த தார். காஸ்டர் போர்டுக்கு ஜல்லி ஆகவே ஆகாது. சின்னக் கல் ஒன்று போதும், சக்கரம் நின்றுவிடும், ஆள் பறப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போய் அந்தக் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் ஓட்டினாள். நல்ல வழவழப்பான தரை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இங்க குடியிருக்கிறவங்க பசங்களுக்கு மட்டுந்தான் பாப்பா" என்று காவலாளி வெளியே அனுப்பி விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இட்ட உத்தரவு அது. அவர் வீட்டுப் பிள்ளைகளும் எங்களை மாதிரி ஜல்லித் தெருவில்தான் விளையாட வேண்டும்.

பலகை இருக்கிறது, கால் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. தரை மட்டும் இல்லை! பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது பலகையின் விலை என்று நினைத்திருந்தேன். பலகை பழசாகவாவது கைக்கு வந்துவிடுகிறது, தரை வருவதில்லை.

தரை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரெய்ன்ஹார்ட் என்ற பெண்மணியின் முயற்சியால் 2015-ல் அங்கே சிமெண்ட் ஸ்கேட் தளம் எழுந்தது. ஆதிவாசிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் உருண்டார்கள். வைத்த விதிகள் இரண்டு: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்டிங் கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம்! 2021-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் ஸ்கேட் போர்டு தங்கம் வாங்கிய ஜப்பான் பெண் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. காலில் மாட்டும் ஸ்கேட்டிங்கில் நம் சென்னை ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளையும் சாம்பியன் ஆக வேண்டியதில்லை. சறுக்கி விழுந்து எழுந்திருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று ஆட்சேபணைகள்

"காலு ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஆருடா அலையறது? ஒரு நா லீவு போட்டா ஒரு நா சம்பளம் போச்சு கண்ணு!" இது எங்க அம்மா. இதை லேசாகத் தள்ள முடியாது. தினக்கூலி வீட்டில் எலும்பு முறிவு என்றால் அடுப்பும் அணையும். ஆகவே ஹெல்மெட் கட்டாயம். விழும்போது கையை ஊன்றுவோம், அதனால் மணிக்கட்டுக்கும் காப்பு வேண்டும். செருப்போடு ஏறக் கூடாது. ஈரத்தரையிலும் வண்டி ஓடும் ரோட்டிலும் கூடவே கூடாது.

"இது பணக்கார விளையாட்டு" என்பது இரண்டாவது. கிரிக்கெட்டில் ஒரே மட்டையை வைத்துக் கொண்டு இருபது பேர் ஆடவில்லையா? ஒரு போர்டு பத்துப் பிள்ளைக்குப் போதும். மாறி மாறி ஓட்டட்டும்.

"படிப்பு கெடும்" என்பது மூன்றாவது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிஷமாவது உடம்பு வருந்த ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. படிப்பைக் கெடுப்பது கையில் இருக்கும் போனா, காலடியில் இருக்கும் போர்டா? நீங்களே சொல்லுங்கள்!

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

நம் கல்லூரியில் சிமெண்ட் போட்ட பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதில் காக்காய்தான் நடக்கிறது. காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை சுற்றுத் தெருப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிட முதல்வரிடம் நம் சங்கம் கேட்க வேண்டும். என்.எஸ்.எஸ். நண்பர்கள் முறை வைத்துப் பார்த்துக் கொள்ளட்டும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போர்டுகளை ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டு வாங்குவோம். பேரிங் மாற்றுவது, தண்டு சரி செய்வது மெக்கானிக்கல் பிரிவின் பொறுப்பு. முதல் ஆளாக நான் ஸ்பேனரோடு வருகிறேன். வசூல் செய்யும் பணத்தில் முதலில் ஹெல்மெட், அப்புறம்தான் மற்றதெல்லாம். பஸ் பாஸுக்கும் கேன்டீனுக்கும் குரல் கொடுக்கும் சங்கம் இதற்கும் கொடுக்கலாமே!

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாங்கிளாஸ் தாண்டிய முதல் ஆள் நான். அட்மிஷன் அன்றைக்கு அப்பா கல்லூரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "நீ போய்ட்டு வா, நம்மள உள்ள விடுவாங்களோ என்னமோ" என்றார். பவுண்டரியில் கொதிக்கிற இரும்பைத் தூக்குகிற மனுஷனுக்கு இந்தக் கேட்டைத் தாண்டப் பயம்! சின்ன வயசிலேயே இதற்குள் உருண்டு விளையாடிய பிள்ளை, நாளைக்கு விண்ணப்பப் படிவம் வாங்க வரும்போது வாசலில் தயங்கி நிற்காது. ‘இது நான் விழுந்து எழுந்த இடம்’ என்று நேராக உள்ளே வரும்.

நண்பர்களே, புதுக் கட்டடம் கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு கேட்டைத் திறக்கச் சொல்கிறேன். திறப்போமா?

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை